லாங்யர்பியன் போக ஓஸ்லோவிலிருந்து நேராகவா, ட்ரொம்சோ வழியாகவா?

வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீட்டரில் இருக்கிறது லாங்யர்பியன். ஸ்வால்பார்ட் தீவுகளின் நிர்வாக ஊர் இதுதான். பயணிகள் விமானம் அட்டவணை போட்டுப் பறந்து இறங்கும் இடங்களில் இதைவிட வடக்கே இருப்பவை மிகக் குறைவு. நார்வேயிலிருந்து இங்கே பறக்க இரண்டு வழிகள் உண்டு. ஓஸ்லோவின் கார்டெர்மூன் நிலையத்தில் ஏறினால் நேரே லாங்யர்பியனில் இறங்கலாம். இன்னொரு வழி, வடநார்வேயின் ட்ரொம்சோவில் இறங்கி ஏறிப் போவது. எஸ்ஏஎஸ், நார்வேஜியன் ஆகிய இரு நிறுவனங்களும் இந்தத் தடங்களில் பறக்கின்றன. நாள்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

டிக்கெட் தளத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். இந்தத் தடத்தில் முடிவுக்கு உதவாத எண் அதுதான்.

தூரம்: வரைபடம் சொல்வதும் உண்மையும்

கைப்பேசி வரைபடத்தைத் திறந்தால் ஓஸ்லோவிலிருந்து ட்ரொம்சோ வரையுள்ள கோட்டைவிட ட்ரொம்சோவிலிருந்து லாங்யர்பியன் வரையுள்ள கோடு மூன்றில் ஒரு பங்கு நீளமாகத் தெரியும். உண்மை நேர்மாறானது. முதல் துண்டு சுமார் 1,115 கி.மீ., இரண்டாவது 958 கி.மீ. மெர்கேட்டர் முறையில் வரைந்த வரைபடம் வடக்கே போகப்போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். 65 பாகை அகலாங்கில் இந்த இழுப்பு சுமார் 2.4 மடங்கு. 74 பாகையில் 3.6 மடங்கு. அதனால்தான் ட்ரொம்சோவுக்கு அப்பால் உலகம் முடிவில்லாமல் நீள்வதுபோல் ஒரு பிரமை.

தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ட்ரொம்சோ நிலையம் 69.68 வடக்கு, 18.92 கிழக்கு. லாங்யர்பியன் 78.25 வடக்கு, 15.47 கிழக்கு. அகலாங்கு வித்தியாசம் 8.57 பாகை. இவ்வளவு வடக்கே அகலாங்கின் ஒரு பாகை 111.6 கி.மீ. ஆகவே வடக்கு நோக்கி 956 கி.மீ. நெட்டாங்கு வித்தியாசம் 3.45 பாகை. பூமத்திய ரேகையில் நெட்டாங்கின் ஒரு பாகை 111 கி.மீ. வரும், நடுவழியான 74 பாகையில் அது 31 கி.மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே மேற்கு நோக்கி 106 கி.மீ. பித்தாகரஸ் முறையில் இரண்டையும் சேர்த்தால் 961-ஐ ஒட்டி வரும். தூரம் காட்டும் தளங்களில் சிலது 958 என்றும் சிலது 961 என்றும் சொல்வதற்குக் காரணம் இதுவே: முன்னது பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொள்கிறது, பின்னது துருவத்தில் தட்டையான உண்மை வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் பிழையில்லை. கடல் மைலில் சொன்னால் 517 முதல் 519.

ஓஸ்லோவிலிருந்து லாங்யர்பியனுக்கு நேர்த்தூரம், அதே உருண்டைக் கணக்கில், சுமார் 2,013 கி.மீ. ட்ரொம்சோ வழியாகப் போனால் 1,115 + 958 = 2,073. கூடுதல் 60 கி.மீ. மட்டுமே, அதாவது மூன்று விழுக்காடு. ட்ரொம்சோ கிட்டத்தட்ட நேர்ப்பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜெட் விமானம் அந்த 60 கிலோமீட்டரை நாலைந்து நிமிடத்தில் கடந்துவிடும். ‘சுற்றுவழி’ என்று சொல்லி ட்ரொம்சோவைத் தள்ளுபவர்கள் தள்ள வேண்டிய காரணம் வேறு.

நேரம் எங்கே போகிறது

நேர் விமானம் அட்டவணையில் 3 மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். ட்ரொம்சோ வழி, ஒரே டிக்கெட்டில் என்றால், நாலே கால் முதல் நாலரை மணி நேரம். வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி. இதில் தூரத்தின் பங்கு ஐந்து நிமிடம் என்று பார்த்தோம். மீதி எங்கிருந்து வருகிறது?

ட்ரொம்சோ–லாங்யர்பியன் துண்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். ஏ320, 737 வகை விமானங்கள் உச்சியில் மணிக்கு 830 கி.மீ. வாக்கில் போகும். 958 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் 1 மணி 9 நிமிடம். ஆனால் அட்டவணையில் 1 மணி 40 நிமிடம் போட்டிருப்பார்கள். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த உச்ச வேகம் கிடையாது. கிளம்பும் ஓடுபாதையின் திசை, இறங்கும் பாதையின் வளைவு ஆகியவற்றால் சில பத்துக் கிலோமீட்டர் கூடும். நிறுத்தத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். பனிக்காலத்தில் இறக்கைமேல் படிந்த பனியைக் கரைக்கும் திரவம் அடிக்கவும் நேரம் வேண்டும். ஒவ்வொரு முறை ஏறி இறங்குவதற்கும் இப்படி அரை மணி நேரம் போய்விடும், தூரம் எதுவானாலும். ட்ரொம்சோ வழியில் இந்த அரை மணியை இரண்டு முறை கட்டுகிறோம். அதோடு தரையில் நிற்கும் முக்கால் முதல் ஒரு மணி நேரம். கணக்கு சரியாகிவிட்டது.

காற்றால் பெரிய மாற்றம் இருக்காது. இந்த அகலாங்குகளில் மேல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். வடக்கு நோக்கிப் போகும் விமானத்துக்கு அது பக்கவாட்டுக் காற்று. அட்லாண்டிக்கைக் கடப்பவர்களுக்குப் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்று இருப்பதுபோல் இங்கே இல்லை. கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம், ஸ்வால்பார்ட்டும் நார்வேயும் ஒரே நேரம்தான். டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்தால் வருவது உண்மையான பயண நேரம்.

பாஸ்போர்ட் வரிசை: உண்மையான வித்தியாசம் இங்கே

ஸ்வால்பார்ட் நார்வேயின் இறையாண்மைக்கு உட்பட்டது. ஆனால் எல்லைச் சோதனையில்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்கு வெளியே. 1920-இல் கையெழுத்தாகி 1925-இல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்ட் உடன்படிக்கை அதற்குத் தனி நிலை கொடுத்திருக்கிறது. ஆகவே உள்நாட்டு விமானம் போலத் தோன்றினாலும் வழியில் எங்கோ ஒரு பாஸ்போர்ட் சோதனை உண்டு. எங்கே என்பதுதான் இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

நேர் விமானத்தில் போனால் சோதனை ஓஸ்லோவிலேயே. லாங்யர்பியன் விமானங்கள் ஷெங்கனுக்கு வெளியே போகும் விமானங்களின் பகுதியிலிருந்து கிளம்பும். பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு கடைகளைச் சுற்றிக்கொண்டு உள்நாட்டு வாயில் பக்கம் உட்கார்ந்துவிட்டு, கடைசிக் கால் மணியில் பாஸ்போர்ட் வரிசையைப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் உண்டு. முதலில் வரிசையைக் கடந்துவிட்டுப் பிறகு காபி குடிப்பது நல்லது.

ட்ரொம்சோ வழியில் போனால், அதே விமானம் மேலே தொடர்ந்தாலும், லாங்யர்பியன் போகிறவர்கள் எல்லோரும் கைப்பையோடு ட்ரொம்சோவில் இறங்க வேண்டும். பாஸ்போர்ட் சோதனையைக் கடந்து மறுபடி ஏற வேண்டும். இருக்கையில் கோட்டை விட்டுவிட்டுப் போனால் திரும்பி எடுக்க விடமாட்டார்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். விமானம் நிறையப் பேர் ஒரே சமயத்தில் வரிசைக்கு வருவார்கள். ஐரோப்பிய அட்டை வைத்திருப்பவர்கள் வேகமாகப் போவார்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளில் விசா பார்ப்பது, பதிவு என்று கொஞ்சம் நிற்க வேண்டும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய ஐரோப்பிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் ஐரோப்பியரல்லாதவர்களின் முகப்படமும் விரல் ரேகையும் பதிவாகின்றன. முதல் முறை பதிபவருக்கு நேரம் பிடிக்கும். ஒரே டிக்கெட் என்றால் இதற்காகப் பதற வேண்டியதில்லை, அடுத்த துண்டைத் தவறவிட்டால் உங்களை வேறு விமானத்தில் ஏற்ற வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு.

விசா பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், இரண்டு வழிக்கும் பொதுவானது. ஸ்வால்பார்ட்டுக்கு என்று தனி விசா கிடையாது. ஆனால் அங்கே போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவது, திரும்புவது மறுபடி நுழைவது. ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர்களுக்குக் குறைந்தது இரட்டை நுழைவு விசா வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் திரும்பி நார்வேக்குள் வர உரிமை இல்லை. அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போகும் சாதாரணப் பயணிகள் விமானமும் கிடையாது. விண்ணப்பத்திலேயே ‘இரண்டு’ அல்லது ‘பல’ என்பதைத் தேர்ந்து, பயணத் திட்டத்தில் லாங்யர்பியன் டிக்கெட்டையும் இணையுங்கள். விசா கையில் வந்ததும் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் 01 என்று இருக்கிறதா, 02 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். வழியில் பாரிஸுக்கோ ஹெல்சிங்கிக்கோ போய்வரும் திட்டத்தால் நுழைவு எண்ணிக்கை கூடாது, அவை ஷெங்கனுக்குள்தான். லண்டன் போய்வந்தால் கூடும்.

மூடுபனி வந்தால்

லாங்யர்பியனில் இருப்பது ஒரே ஓடுபாதை. 1975-இல் திறந்தது. நிலத்தடியில் நிரந்தர உறைமண், மேலே தார். மண் இளகும் இடங்களில் ஓடுபாதை அமிழ்ந்து மேடுபள்ளமாவதால் மறுபடி மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் இஸ்ஃப்யோர்டன் என்னும் கடற்கழி, மற்ற பக்கங்களில் மலைகள். 1996 ஆகஸ்ட் 29 அன்று ரஷ்ய து-154 விமானம் ஒன்று இறங்க வரும்போது கிழக்கே ஓபரா மலையில் மோதி 141 பேர் இறந்தார்கள். நார்வே மண்ணில் நடந்த மிக மோசமான விமான விபத்து அது. இன்றைய விமானிகள் இந்த இடத்தில் பார்வைத் தூரத்தையும் பக்கக் காற்றையும் மிகக் கறாராகப் பார்ப்பார்கள், அது நமக்கு நல்லதே.

கோடையில் தொல்லை தருவது கடல்மேல் திரளும் மூடுபனி. குளிர்காலத்தில் காற்றும் பறக்கும் பனித்தூளும். எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது நடுக்குளிரில் திடீரென்று சூடேறி மழை பெய்வது. உறைந்த ஓடுபாதைமேல் விழுந்த தண்ணீர் உடனே பனிக்கட்டியாகிவிடும். பிரேக் பிடிக்கும் தன்மை எல்லைக்குக் கீழே போனால் இறங்க முடியாது.

அப்போது விமானம் எங்கே போகும்? பக்கத்தில் ஜெட் இறங்கக்கூடிய வேறு நிலையம் தீவுகளில் இல்லை. நடுக்கடலில் உள்ள பியோர்னோயா என்னும் கரடித் தீவில் வானிலை நிலையம் உண்டு, ஓடுபாதை இல்லை. ஆகவே நார்வே நிலப்பகுதிக்குத் திரும்ப வேண்டும், பெரும்பாலும் ட்ரொம்சோவுக்கு. ஓஸ்லோவிலிருந்து நேராகக் கிளம்பும் விமானமும் 2,013 கிலோமீட்டருக்கான எரிபொருளோடு, திரும்பி வர இன்னொரு ஆயிரம் கிலோமீட்டருக்கும், அதற்கு மேல் அரை மணி வட்டமிடவும் சேர்த்து நிரப்பிக்கொண்டுதான் கிளம்பும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ட்ரொம்சோவிலிருந்து குறைந்த எரிபொருளோடு கிளம்புவதால் பெட்டிகளுக்கு இடம் அதிகம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. லாங்யர்பியனில் இறங்கும் நேரத்தில் இரண்டு விமானங்களிலும் மிச்சமிருக்க வேண்டிய எரிபொருள் ஒன்றேதான். வழுக்கும் ஓடுபாதையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது அந்த இறங்கும் எடைதான், கிளம்பும் எடையல்ல. இரண்டாவது, திருப்பிவிடப்பட்டால் ஓஸ்லோ பயணியும் ட்ரொம்சோ பயணியும் ஒரே ஊரில்தான் இரவு தங்கப் போகிறார்கள். ஆகவே வானிலை அபாயத்தைக் காரணம் காட்டி இரண்டில் ஒன்றைத் தேர்வதில் பொருளில்லை. ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு: ட்ரொம்சோவிலும் இறங்க வேண்டியவர், அங்கே பனி கொட்டும் நாளில், தாமதத்துக்கு இரண்டு இடங்களில் இலக்காகிறார்.

தனித்தனி டிக்கெட் என்ற ஆசை

மலிவு என்று ஓஸ்லோ–ட்ரொம்சோ ஒரு நிறுவனத்திலும் ட்ரொம்சோ–லாங்யர்பியன் இன்னொன்றிலும் வாங்குவது மூன்றாவது வழி. வடவொளி பார்க்க ட்ரொம்சோவில் எப்படியும் இரண்டு நாள் தங்கப் போகிறவர்களுக்கு இதுவே சிறந்தது, யோசிக்கவே வேண்டாம். நிலையம் ஊருக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டருக்குள், பேருந்து உண்டு.

ஒரே நாளில் மாறுவதற்குத் தனித்தனி டிக்கெட் வாங்குவது வேறு கதை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலையில்லை, டிக்கெட் போனதுதான். பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்து, பாதுகாப்புச் சோதனை, பாஸ்போர்ட் வரிசை எல்லாம் முதலிலிருந்து. மூன்று மணி நேர இடைவெளிக்குக் குறைந்து வாங்காதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மூன்று மணி நேரமும் போதாது, இரவு தங்குங்கள். இந்தத் தடத்தில் தினமும் நாலைந்து விமானங்கள் கிடையாது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாளோ அதற்கு மறுநாளோ.

இன்னொரு பாதையும் உண்டு. குளிர்காலத்தில் ஹெல்சிங்கி, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்களிலிருந்து ட்ரொம்சோவுக்கே நேர் விமானங்கள் வருகின்றன. ஐரோப்பாவில் வேறு ஊரிலிருந்து கிளம்புபவர் ஓஸ்லோவைத் தொடாமலே போகலாம். தோஹா, துபாய் வழியாக வருபவர்களுக்கு அது பொருந்தாது, அங்கிருந்து நார்வேக்கு நேராக வரும் விமானங்கள் ஓஸ்லோவில்தான் இறங்கும்.

யாருக்கு எது

ஸ்வால்பார்ட்டின் ஆய்வு ஊரான நி-ஓலெசுண்டுக்குப் போகிற ஆய்வாளர்கள் நேர் விமானத்தையே எடுக்க வேண்டும். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. லாங்யர்பியனிலிருந்து நி-ஓலெசுண்டுக்கு 110 கி.மீ., டோர்னியர் 228 என்னும் சிறு விமானத்தில் 25 நிமிடம். அது வாரத்தில் சில நாள்களே பறக்கும், இடம் முன்கூட்டியே நிறைந்துவிடும். அதைத் தவறவிட்டால் போவது மணிக்கணக்கல்ல, நாள்கணக்கு. ஆகவே நேர் விமானத்தில் போய், அதோடு லாங்யர்பியனில் ஓர் இரவையும் இடைவெளியாக விடுங்கள். நி-ஓலெசுண்டில் வானொலி ஆய்வுக் கருவிகள் இருப்பதால் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்க வேண்டும். விமானம் ஏறும் முன்பே கடிகாரம், காதுக்கருவி, மடிக்கணினி எல்லாவற்றிலும் அணைத்துவிடுவது வழக்கம்.

கப்பல் சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே விதி. கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்ச் சேருங்கள்.

சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள், கட்டணம் சற்றுக் கூடினாலும், நேர் விமானத்தில் போகட்டும். இரவு நேரத்தில் ட்ரொம்சோவில் எழுப்பி, குளிர்கோட்டு மாட்டி, வரிசையில் நிறுத்தி, மறுபடி ஏற்றுவது அந்த ஒன்றரை மணி நேரத்தைவிடப் பெரிய களைப்பு. தனியாக, கைப்பையோடு, அவசரமில்லாமல் போகிறவருக்கு ட்ரொம்சோ வழியின் விலை கணிசமாகக் குறைவாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். இரண்டின் விலையும் ஒன்றாகவே இருந்தால் ட்ரொம்சோவை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

சன்னல் இருக்கைக்கும் ஒரு சொல். ட்ரொம்சோவிலிருந்து வடக்கே போகும்போது கரடித் தீவு வலப்புறம், பாதையிலிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி வரும். பெரும்பாலும் மேகத்துக்கு அடியில்தான் இருக்கும், அதை நம்பி இருக்கைக்குப் பணம் கட்ட வேண்டாம். அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி நடுவரை லாங்யர்பியனில் சூரியன் எழுவதில்லை, அப்போது எந்தப் பக்கமும் ஒன்றே.

திரும்பும்போது

வரும் வழியில் பாஸ்போர்ட் சோதனை, நார்வேயில் முதலில் இறங்கும் ஊரில். ஸ்வால்பார்ட் நார்வேயின் சுங்க எல்லைக்கும் வெளியே என்பதால் சுங்கமும் உண்டு. லாங்யர்பியனில் வரியில்லாமல் வாங்கிய மது, புகையிலை அளவுக்குள் இருக்க வேண்டும். ட்ரொம்சோ வழியாகத் திரும்புகிறவர்கள், பெட்டி ட்ரொம்சோவில் கைக்கு வருமா, கடைசி ஊர் வரை போகுமா என்பதை லாங்யர்பியன் செக்-இன்னிலேயே கேட்டு, ஒட்டும் டேக்கில் டிஓஎஸ் (ட்ரொம்சோ) என்று இருக்கிறதா, ஓஎஸ்எல் (ஓஸ்லோ) என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் பேருந்து விமான நேரத்தை ஒட்டி ஓடுகிறது. சில திரும்பும் விமானங்கள் அதிகாலையில் கிளம்புபவை, அதனால் விடுதிக்கு எந்த நேரத்தில் பேருந்து வரும் என்று முதல் நாள் மாலையே கேட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் நீண்ட தூர விமானத்தை அதே நாளில் போடாதீர்கள். லாங்யர்பியனிலிருந்து ஓஸ்லோ வந்து ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் தோஹாவுக்கோ டில்லிக்கோ ஏறுங்கள். ஒரே டிக்கெட்டில் எல்லாம் இருந்தால் மட்டும், அதுவும் கோடையில் மட்டும், நாலைந்து மணி நேர இடைவெளியில் அதே நாளில் முயலலாம்.